கிரவுன் ஆறும் நேரம்

புது எஞ்சினை எப்படிப் பழக்குவது என்று கேட்டால் டீக்கடையில் நிற்கிற நாலு பேரும் நாலு யோசனை சொல்வார்கள். பின் ஆக்சிலில் புதுக் கிரவுன்-பினியன் பல்சக்கர ஜோடி போட்ட வண்டியை எப்படிப் பழக்குவது என்று கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். கொஞ்சம் மெதுவாக ஓட்டு, ஆயிரத்தில் ஆயிலை மாற்று என்பதோடு சரி. பின் ஆக்சிலை இப்படி ஒதுக்கிவைப்பது எனக்குப் பல வருட உறுத்தல். எஞ்சினில் பிறக்கிற இழுவை எவ்வளவானாலும் தரைக்குப் போகுமுன் அங்கேதான் திரும்பியாக வேண்டும். அந்தத் திருப்பத்தில் எந்த நொடியிலும் இரண்டு மூன்று பற்கள்தான் முழுச் சுமையையும் ஏந்துகின்றன.

கிரவுனையும் பினியனையும் வெட்டி, கார்பன் ஏற்றிக் கடினப்படுத்தி, லேப்பிங் செய்து, இரண்டிலும் ஒரே ஜோடி எண்ணைப் பொறித்து, கம்பியால் சேர்த்துக் கட்டித்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்புகிறார்கள். ஆனாலும் கடைசி மெருகு சாலையில்தான் ஏறுகிறது. அந்த மெருகில் என் மனம் போய் நிற்கிற இடம் ஓட்டம்கூட இல்லை. முதல் ஓட்டம் முடிந்து, சாவியை எடுத்துவிட்டு, வண்டி ஆறுகிற அந்த ஒரு மணி நேரம்தான். இதைச் சொன்னால் சிலர் புரியாமல் பார்க்கிறார்கள். வண்டி நிற்கும்போது அதில் ரசிக்க என்ன இருக்கிறது என்கிறார்கள்.

இருக்கிறது. ஹைப்பாய்டு எனப்படும் இந்தப் பல் வெறுமனே உருண்டு போவதில்லை, தன் நீளத்துக்கு வழுக்கியும் போகிறது. பினியனைக் கிரவுனின் மையத்துக்குக் கீழே இறக்கிவைத்ததற்கு நாம் கொடுக்கும் விலை அது. 1920களின் நடுவில் அமெரிக்காவின் கிளீசன் கம்பெனி இந்த வகைப் பல்லை வெட்டிக் காட்டியது. 1926இல் பாக்கார்டு கார் அதை முதலில் எடுத்துக்கொண்டது. அதன்பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்தது, கூடவே காரின் தரையும் தாழ்ந்தது, ஓட்டமும் அமைதியானது. ஆனால் அந்த வழுக்கலில் சூடு பிறக்கிறது. புதுப் பல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் இருக்கின்றன. அவை உரசித் தேயும் கணத்தில் தொடும் புள்ளியின் சூடு, வெளியே ஹவுசிங்கில் தெரியும் சூட்டைவிடப் பல மடங்கு ஏறும். கார்பன் ஏற்றிய தோலை 150 முதல் 200 டிகிரிக்குள்தான் டெம்பர் செய்திருப்பார்கள். அந்தச் சூட்டைத் தாண்டி நெடுநேரம் வாட்டினால் தோல் இளகத் தொடங்கும். ஆயிலில் உள்ள கந்தகமும் பாஸ்பரஸும் பல்லின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தைக் கட்டுகின்றன. அதைக் கட்டவும் சூடு வேண்டும், ஆனால் அளவோடு. பழக்குவது என்றால் இதுதான்: கொஞ்சம் தேய்ந்து, கொஞ்சம் படலம் கட்டி, முழுதாக ஆறி, மறுபடி கொஞ்சம் தேய்வது. புதுத் தோசைக்கல்லைப் பழக்குகிற பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அடுப்பை முழுதாக எரியவிட்டு ஒரே நாளில் எந்தக் கல்லும் பழகியதில்லை.

இதை எனக்குக் கண்ணில் காட்டியவர் ஓசூர் பக்கம் கெலமங்கலத்திலிருந்து தேன்கனிக்கோட்டை போகிற சாலையில் ஷெட் வைத்திருந்த ஒரு மேஸ்திரி. கார் மேஸ்திரி இல்லை, லாரிக்காரர். கல் குவாரிக்கு ஓடும் வண்டிகள்தான் அவருக்குச் சோறு போட்டன. வீட்டில் தெலுங்கு, ஆனேக்கல் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். வேலை நடக்கும்போது எந்த மொழியும் கிடையாது. அவரிடம் என் கான்டெஸா காரைக் கொண்டுபோனபோது அதைச் சுற்றிவந்து பார்க்கக்கூட இல்லை. நேரே பின்னால் குனிந்து, புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, அப்போது எழும் 'டக்'கை மட்டும் கேட்டார்.

அவர் கிரவுன் செட் பண்ணுவதை நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கலாம். ரெட் லெட்டை ஆயிலில் குழைத்து ஐந்தாறு பல்லுக்கு மட்டும் மெல்லப் பூசுவார். கிரவுனின் முதுகுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை அழுத்திச் சுமை கொடுத்துக்கொண்டே பினியனைச் சுழற்றுவார். பற்கள் தொடும் இடத்தில் பூச்சில் ஒரு பதிவு விழும். சுமையில்லாமல் சும்மா சுற்றிப் பார்த்த பதிவை அவர் மதிப்பதே இல்லை. பதிவு பல்லின் அடியில் விழுந்தால் பினியனுக்குப் பின்னால் இருக்கும் சிம்மில் கை வைப்பார். நீளவாக்கில் நகர்ந்திருந்தால் கிரவுனைப் பக்கவாட்டில் தள்ளுவார். சுமை ஏறும்போது தொடும் இடம் பல்லின் வெளி முனை பக்கம் நகரும் என்பதால், வெறும் கையில் பார்க்கும்போது அது உள் முனைப் பக்கமாகச் சற்றுத் தள்ளியே விழ வேண்டும் என்பார். நட்ட நடுவில் அழகாக விழுந்த பதிவைக் கண்டு நான் மகிழ்ந்தபோது, அதைத் துடைத்துவிட்டு மறுபடி கழற்றினார்.

அவருடைய கை தனியாகத் தெரிகிற இடம் ஒன்று உண்டு. எல்லா மெக்கானிக்கும் முதலில் பார்ப்பது எஞ்சின் இழுக்கும்போது சுமை வாங்குகிற குவிந்த பக்கத்தை. இவர் முதலில் பார்ப்பது எதிர்ப் பக்கத்தை, ஆக்ஸிலேட்டரை விட்டதும் வண்டியை எஞ்சின் பிடிக்கும்போது சுமை வாங்குகிற குழிந்த பக்கத்தை. கல் ஏற்றிய லாரி மலைச் சாலையில் எஞ்சின் பிடிப்பில் இறங்குவதைப் பார்த்தே வாழ்ந்தவர் அல்லவா, அந்தப் பக்கம் சரியில்லாத கிரவுன் எப்படிச் சாகும் என்று அவருக்குத் தெரியும். கார்க்காரர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று கேட்கலாம். வேகமாக ஓட்டத் தெரிந்தவனின் கால் வளைவுக்கு வளைவு ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டுத்தான் மிதிக்கும். ஒவ்வொரு முறையும் சுமை பல்லின் ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்குத் தாவுகிறது. பழக்கும்போது ஒரு முகத்தை மட்டும் மெருகேற்றிவிட்டு, மறு முகத்தைப் பச்சையாக விட்டால், முதல் மலை இறக்கத்தில் அது ஊளையிடத் தொடங்கும்.

பழக்குவதற்கு அவர் சொன்ன பாதை கெலமங்கலம், உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை. இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். இந்த மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800, 900 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. காலைக் காற்று குளிர்ச்சி, ஹவுசிங் ஆறுவதற்கு அதுவே பாதி உதவி. சாலை முழுக்கச் சின்னச் சின்ன ஏற்றமும் இறக்கமும். 50க்கும் 70க்கும் நடுவே வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே போகலாம். மேட்டில் மெல்ல இழுத்து, இறக்கத்தில் காலை எடுத்து, எஞ்சின் பிடிப்பில் உருளவிட்டால் இரண்டு முகத்துக்கும் சமமாக வேலை நடக்கும். இதற்காகக் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் போய் 100இல் முள்ளை நிறுத்திவைத்து ஒரு மணி நேரம் ஓட்டுகிறவர்கள் உண்டு. சுகமான ஓட்டம்தான், ஆனால் பல்லுக்கு மாறாத சுமை, இறங்காத சூடு. தொப்பூர் கணவாய் இறக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பதிவு எவ்வளவு நன்றாக விழுந்திருந்தாலும் புதுக் கிரவுனோடு அங்கே போவது பாவம்.

யானைகள் சானமாவு, உத்தனப்பள்ளிக் காடுகளில் இறங்கி நிற்கிற மாதங்களில் மட்டும் நன்றாக விடிந்தபின் கிளம்ப வேண்டும். ராகி அறுப்பு நேரத்தில் அந்தச் சாலை அவற்றுக்குத்தான் சொந்தம்.

ராயக்கோட்டையில் நிறுத்தியதும் மேஸ்திரி வண்டிக்குக் கீழே கையை விட்டு ஹவுசிங்கைத் தொடுவார். உள்ளங்கையை எவ்வளவு நேரம் வைத்திருக்க முடிகிறது என்பதுதான் அவருடைய தெர்மாமீட்டர். முதல் ஓட்டத்தில் உடனே எடுத்துவிடுவார். "தம்பி, இதைக் கை தாங்குற வரைக்கும் சாவியைத் தொடாதே" என்பார். பிறகு தக்காளி மண்டிப் பக்கம் நடை, டீ, யாராவது தெரிந்த லாரிக்காரரோடு பேச்சு. நான் பொறுமையிழந்து வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவேன். உலோகம் சுருங்கும்போது எழும் மெல்லிய 'டிக் டிக்' ஒலி சிறிது நேரத்தில் நின்றுபோகும். அது நின்றால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. வெளியே ஆறினாலும் உள்ளே ஆயிலும் பேரிங்கும் இன்னும் சூடாகவே இருக்கும் என்பார். திரும்பி கெலமங்கலம் வந்து மறுபடி தொடுவார். அடுத்த ஓட்டத்தில், அதே சாலை, அதே வேகம், கை இன்னும் கொஞ்சம் நேரம் நிற்கும். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். பல் பழகிவருகிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. உரசல் குறைகிறது, அதனால் சூடு குறைகிறது, அதைக் கையே சொல்கிறது. ஆறும் நேரத்தை ரசிக்கிறேன் என்று நான் சொல்வது இதைத்தான்.

எண்களைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு சுகமும் உண்டு. பினியனில் 10 பல், கிரவுனில் 41 பல் என்று வையுங்கள், ரேஷியோ 4.1. இரண்டுக்கும் பொது வகுஎண் கிடையாது. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் ஒவ்வொரு பல்லையும் முறைவைத்துச் சந்தித்தே தீரும். வீல் பத்துச் சுற்று சுற்றினால் எல்லோரும் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாயிற்று. வீல் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர் என்றால் வெறும் 19 மீட்டர் சாலை. 500 கிலோமீட்டரில் ஒவ்வொரு ஜோடியும் இருபத்தாறாயிரம் முறைக்கு மேல் உரசிப் பழகியிருக்கும். இதையே 40க்கு 10 என்று வெட்டியிருந்தால் பினியனின் ஒரு பல் கடைசிவரை கிரவுனின் அதே நாலு பல்லைத்தான் சந்திக்கும். ஒன்றின் குறை அந்த நாலில் மட்டும் பதிந்து தங்கும். அப்படிப்பட்ட செட்டில் குறி வைத்துப் பூட்ட வேண்டும், பழக்குவதிலும் கூடுதல் கவனம் வேண்டும். 41, 43, 37 மாதிரி யாரோடும் ஒட்டாத எண்களைக் கிரவுனில் பார்த்தாலே எனக்கு ஒரு நிம்மதி.

ஒலிக்கும் கணக்குண்டு. அதே வண்டி 80இல் போகும்போது விநாடிக்கு ஏறக்குறைய 480 பல் சேர்கிறது, 60இல் 360. கிரவுன் பாடினால் அந்தச் சுருதியில்தான் பாடும். கியரை மாற்றினாலும் அது மாறாது, வேகம் மாறினால்தான் மாறும். கியர்பாக்ஸ் சத்தத்தோடு குழப்பிக்கொள்கிறவர்கள் இதை வைத்தே பிரித்துவிடலாம். டயர் சத்தமா என்று சந்தேகம் வந்தால் ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு மிதியுங்கள். டயருக்குக் காலைப் பற்றிக் கவலையில்லை, பல்லுக்கு உண்டு. இழுக்கும்போது மட்டும் வருகிற சத்தம் ஒன்று, விடும்போது மட்டும் வருவது வேறொன்று, இரண்டும் இல்லாமல் வண்டி மிதக்கிற அந்த நடு நிலையில் வருவது மூன்றாவது. மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு பின் சீட்டில்தான் உட்காருவார். முன் சீட்டில் எஞ்சின் பேசும், பின்னால் உட்கார்ந்தால்தான் கிரவுன் பேசும்.

ஓசூரில் கியர் லைனில் வேலை பார்க்கிற என் நண்பருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இன்றைய பல் அந்தக் காலத்துப் பல் அல்ல என்கிறார். கடினப்படுத்தியபின் அரைத்து முடித்த ஹைப்பாய்டு வருகிறது, மாங்கனீஸ் பாஸ்பேட் பூச்சோடு வருகிறது, பெட்டியைப் பிரித்துப் பூட்டி ஓட்ட வேண்டியதுதான் என்பது அவர் கட்சி. பாதி சரி. அரைத்த பல்லில் மேடுகள் குறைவு, பூச்சு முதல் உரசலைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. ஆனால் புதுக் கிரவுனோடு புது டேப்பர் ரோலர் பேரிங்கும் ப்ரீலோடோடு, அதாவது முன்கூட்டியே இறுக்கிய அழுத்தத்தோடு, உட்காருகிறதே. ரோலரின் தலை விளிம்பில் உரசிப் படிகிற இடத்துக்கு எந்தத் தொழிற்சாலை அரைத்துக் கொடுக்கிறது? முதல் ஓட்டத்துச் சூட்டில் ஒரு பங்கு பினியன் பேரிங்கிலிருந்தும் வருகிறது. பல்லுக்காக இல்லாவிட்டாலும் பேரிங்குக்காகவாவது ஆறவிட வேண்டும். இதற்கு அவர் பதில் சொன்னதில்லை, ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை.

இன்னொரு கட்சி, முதல் நாளே நன்றாக மிதித்துப் பழக்கு என்பது. எஞ்சினில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறினால்தான் ரிங் சுவரில் அழுந்திப் படியும். அந்த நியாயத்தை ஆக்சிலுக்கு இழுத்து வருவது தவறு. பல்லை அழுத்தி உட்காரவைக்க எதுவும் இல்லை, அழுத்தம் ஏறினால் அங்கே ஏறுவது சூடு மட்டும்தான். ரேஸ்காரர்களை உதாரணம் காட்டுகிறார்கள். அமெரிக்க ஸ்டாக் கார் ரேஸில் பெரிய அணிகள் என்ன செய்கின்றன? பற்களை முதலில் ரசாயனத் திரவத்தில் மெருகேற்றி, பெஞ்சில் வைத்து, சுமையைக் கூட்டிக் குறைத்து ஓட்டிப் பழக்கி, அதன்பிறகுதான் காரில் ஏற்றுகின்றன. வேகம் தேவைப்படுகிறவனே பொறுமைக்குப் பணம் கொடுக்கிறான்.

கிளட்ச் வகை எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) போட்டவர்களுக்கு ஒரு வேலை கூடுதல். வெட்டவெளியில் மெதுவாக எட்டுப் போட வேண்டும், இரண்டு பக்கமும் சம அளவில். ஆயிலோடு சேர்க்கவேண்டிய மருந்தைச் சேர்த்தபின் செய்தால் பிளேட்டுகளுக்கிடையே அது சீராக இறங்கும், திருப்பத்தில் 'கடகட'வென்று உதறாது.

கிரவுனின் ஒலி என்றால் எனக்குச் சித்தப்பாவின் நினைவும் வரும். 1980களில் அவர் என்னைச் சோழவரத்துக்குக் கூட்டிப்போவார். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய ரேஸ். கூட்டம் எக்ஸாஸ்ட் சத்தத்துக்குக் கத்தும். சித்தப்பா, கார் கடந்துபோனபின் வால்போல் நீளும் ஒலியைக் கேள் என்பார். எக்ஸாஸ்ட் தேய்ந்ததும் அதனடியில் ஒரு மெல்லிய 'ஙீ' கேட்கும். அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு எல்லாமே பின் சக்கரத்தால் ஓடிய காலம். அந்த ஒலியை வைத்தே இது செட்டான வண்டி, இது அவசரமாகப் பூட்டிய வண்டி என்று அவர் பிரித்துச் சொல்வார். 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. தளம் நேர்த்தியானது, பாதுகாப்பும் கூடியது, எனக்கும் பிடித்த இடம். ஆனால் அதற்குள் மாருதி பெரும்பாலான கார்களை முன் சக்கரத்துக்கு மாற்றியிருந்தது. ஜிப்ஸி மட்டும்தான் ராலிகளில் நெடுங்காலம் பின் ஆக்சிலின் மானத்தைக் காத்தது.

இன்றைக்குப் பழைய கான்டெஸாவை எடுத்து உயிர்கொடுக்கிற இளைஞர்கள் ஓசூரிலும் பெங்களூருவிலும் நிறைய. அவர்கள் ஆர்வத்தை நான் வணங்குகிறேன். இசுசு 1.8 எஞ்சினை மயிரிழை சுத்தமாகக் கட்டுகிறார்கள். பின் ஆக்சிலுக்கு வரும்போது மட்டும் டயல் கேஜில் 0.15 மி.மீ. காட்டிவிட்டால் போதும் என்று மூடிவிடுகிறார்கள். பற்களின் இடைவெளியைச் சொல்லும் அந்த பேக்லாஷ் எண் சரியாக இருந்துகொண்டே பதிவு முழுக்கத் தவறாக விழ முடியும், அதை எந்த முள்ளும் காட்டாது. பினியன் பேரிங்குகளுக்கு நடுவே இருக்கும் நசுங்கும் ஸ்லீவை ஒருமுறை அதிகமாக நசுக்கிவிட்டு, நட்டைத் திருப்பித் தளர்த்தி ப்ரீலோடு சரி என்று சொல்கிற ஒரு ஷெட்டை நானே பார்த்தேன். நசுங்கியது நிமிராது, புதிதுதான் போட வேண்டும். இதைவிடக் கொடுமை, எண் சேராத கிரவுனையும் பினியனையும் வேறு வேறு வண்டியிலிருந்து எடுத்து ஒரு ஜோடியாகக் கட்டி விற்பது. பிறகு சாயங்காலமே டெலிவரி. ஆறவிடுவதற்கு யாருக்கும் பொழுதில்லை.

சுற்றுவட்டாரமும் மாறிவிட்டது. ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா, மின்சார ஸ்கூட்டர்கள் வரிசையாக வெளியே வருகின்றன. நல்ல வண்டிகள்தான், அவற்றில் ஹைப்பாய்டு கிடையாது. ஓசூரில் அசோக் லேலண்டு லாரி செய்கிறவரை இந்தப் பக்கம் கிரவுன் செட் பண்ணும் கை முழுதாக அழியாது என்று நம்புகிறேன். குவாரி டிப்பர்களிலும் இப்போது ஹப்பிலேயே ரிடக்ஷன் வைத்த ஆக்சில் நிறைய. கிரவுன் மேல் சுமை குறைந்தது, மேஸ்திரிகளின் காதுக்கு வேலையும் குறைந்தது.

ஆயில் விஷயத்தில் என் பழக்கம் இது. முதல் 800 கிலோமீட்டருக்குச் சாதாரண மினரல் 80டபிள்யூ-90, ஜிஎல்-5. சீக்கிரம் வடித்துக் கொட்டப்போகிற ஆயிலுக்குச் சிந்தெடிக் விலை கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. பல கம்பெனிகள் முதல் ஊற்றிலேயே சிந்தெடிக் ஊற்றுகின்றன, அதையும் குறை சொல்ல மாட்டேன். வண்டி ஓடிவந்த சூட்டோடு வடிக்க வேண்டும், தூள் அடியில் படிவதற்குமுன். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசைபோல் ஒட்டியிருந்தால் எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது. விரல்களுக்கு நடுவே தேய்த்தால் அது நெருடக்கூடாது. செதில் செதிலாகவோ ஊசிபோலவோ ஏதாவது வந்தால் புது ஆயிலை ஊற்றாதீர்கள், மூடியைக் கழற்றிப் பதிவை மறுபடி எடுங்கள். பசை மட்டும்தான் என்றால் துடைத்து, மட்டம்வரை புது ஆயில் ஊற்றி, ராயக்கோட்டைவரை ஒருமுறை போய்வந்து கையை வைத்துப் பாருங்கள். கை தாங்கினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஞ்செட்டி மலைச்சாலைக்கு எடுத்துப் போகலாம். இறங்கும்போது மட்டும் பிரேக்கை நம்பாமல் எஞ்சின் பிடிப்பில் இறங்குங்கள், பின் சீட்டில் காது தெரிந்த ஒருவரை உட்காரவைத்து.